அப்பா என்னும் வரலாற்றுப் புதிர்

உலகில் அப்பாவைத் தொலைத்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். அரசாங்கச் செலவில் தொலைத்த பெருமை எங்கள் குடும்பத்துக்கே உரியது.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அப்பா 'சதிகாரர்'. அதிபரைக் கவிழ்க்கத் திட்டமிட்டார் என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாளே பள்ளியில் என் பெயரை அடித்துவிட்டார்கள். இரண்டு ஆட்சி கழிந்ததும் அப்பா ஒரே அறிவிப்பில் 'தியாகி' ஆனார். என்னை விரட்டிய பள்ளியே ஆண்டுவிழாவுக்குச் சிறப்பு விருந்தினராக என்னை அழைத்தது. ஒழுங்காகப் படித்திருந்தால் இந்த மரியாதை கிடைத்திருக்குமா?

அம்மாவுக்குத்தான் நன்றியுணர்வு போதாது. "அவரை எங்க புதைச்சீங்க?" என்ற ஒரே கேள்வியோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். முதல் அரசு, 'அப்படி ஒருவரைக் கைது செய்யவே இல்லை' என்றது. அடுத்த அரசு, 'வெளிநாடு தப்பியிருக்கலாம்' என்றது. இப்போதைய அரசுதான் பெருந்தன்மையோடு, 'இது ஒரு வரலாற்றுப் புதிர்' என்று ஒப்புக்கொண்டு, அதை ஆராயக் குழுவும் அமைத்தது.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற உயர் அதிகாரி. எந்தத் துறை என்று கேட்டோம். 'பொது நிர்வாகம்' என்றார். அடக்கமானவர்.

"உங்க வீட்டுக்காரரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லம்மா. அதனாலதான் என்னைப் போட்டிருக்காங்க. நடுநிலைமை முக்கியம் பாருங்க."

குழு பலமுறை கூடி, பிஸ்கட்டுகளை ஆராய்ந்து, புதைத்த இடத்தைக் கண்டுபிடிப்பதைவிடச் சிலை வைப்பது எளிது என்ற முடிவுக்கு வந்தது.

"எங்கண்ணன் எங்கன்னு கேட்டா, எங்கண்ணன் மாதிரி ஒண்ணு தர்றேங்கிறாங்க" என்றாள் அத்தை.

களிமண் மாதிரியைப் பார்க்கக் குழுவினரும் நாங்களும் சிற்பியின் கொட்டகைக்குப் போனோம். கல்யாணப் போட்டோவைப் பார்த்துச் செய்திருந்தார். கண், மூக்கு எல்லாம் அப்பாவேதான்.

"தியாகிங்க சிரிச்ச முகமா இருக்கணும்னு உத்தரவு" என்றார் சிற்பி. "போட்டோல வாயை மூடியிருக்காரு. பல்லை நானா வரிசையா வச்சுட்டேன்."

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். வரலாற்றில் பிழை வந்தால் அவருக்குப் பொறுக்காது.

"தப்பா இருக்கேய்யா. மேல முன்பல் ரெண்டும் கிடையாது. கீழ ஒண்ணு பாதிதான்."

சிற்பி கல்யாணப் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"ஜீப்பு வந்தப்ப எலும்பு கடிச்சுக்கிட்டிருந்தாரு" என்றாள் அம்மா. "வீட்டுலேர்ந்து போறப்ப எல்லாப் பல்லும் இருந்துச்சு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏதோ பழைய குறிப்புல படிச்ச ஞாபகம்மா."

"கைதே பண்ணலேன்னாங்க. குறிப்பு மட்டும் எழுதினாங்களாக்கும்" என்றாள் அத்தை.

அம்மா அவர் முன்னால் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "பல்லு வரைக்கும் ஞாபகம் இருக்கு. புதைச்ச இடமும் இருக்கும். சொல்லுங்கய்யா, போயிடறோம்."

நெருக்கடியில்தான் நிர்வாகத் திறமை தெரியும். நின்ற இடத்திலேயே குழுவின் அவசரக் கூட்டம் நடந்தது. புதிர் புதிராகவே நீடிக்கிறது என்று ஒருமனதாக முடிவாயிற்று. பல் பற்றிக் 'கருத்து வேறுபாடு' இருப்பதால், சிலையின் வாயை மூடிவிட வேண்டும் என்றும் முடிவாயிற்று.

சிற்பி தயங்கினார். தலைவரே முன்வந்து, ஒரு கையால் தாடையைப் பிடித்து, மறு கையின் கட்டைவிரலால் அப்பாவின் உதடுகளை அழுத்தி மூடினார்.

முதல் தடவை செய்கிறவர் போலத் தெரியவில்லை.