கடற்பசுவுக்கு ஒரு நிகழ்ச்சி நிரல்

கடல் தோன்றிய நாள்முதல் எந்தக் கடற்பசுவுக்கும் வாய்க்காத பெரும்பேறு புத்தளம் கடற்பசுக்களுக்கு, மீனவர் வாயில் ஆவுளியாக்களுக்கு, வாய்த்தது: அவற்றைக் காப்பாற்ற எங்கள் குழு தோன்றியது. தலைவர், அபூசாலி ஹாஜியார். மூன்று படகுகளும், சட்டம் தடைசெய்த தங்கூசி வலைகளும் உடையவர். கடற்பசுவின் ஆபத்தை இத்தனை நெருக்கமாக அறிந்தவர் வேறு யார்? செயலாளர் நான்.

சென்ற சனிக்கிழமை மகாநாடு. கிராஅத் ஓதி முடிந்த கையோடு என் போன் அதிர்ந்தது. பள்ளிவாசல்துறை மீனவர் ஆகிப் நானா, நடுக்கடலிலிருந்து.

"தம்பி, ஹாஜியார்ட வலையில ஆவுளியா ஒன்டு மாட்டி ஈக்கிது. உசிரோட. மூச்செடுக்க மூக்கத் தண்ணிக்கு மேல தூக்கிப் புடிச்சிட்டு ஈக்கிறன். வலைய அறுத்தாத்தான் தப்பும்."

"அறுங்களேன் நானா."

"போன முறை கேக்காம அறுத்ததுக்கு ஹாஜியார்ட ஆக்கள் என்ட தோணியக் கொளுத்திட்டாங்க. அவர்ட வாயால ஒரு சொல் வாங்கித் தாங்க."

மேடைக்கு ஓடித் தலைவரின் காதில் சொன்னேன். அவர் கலங்கவில்லை.

"நிகழ்ச்சி நிரல்ல இது எத்தினையாவது?"

"இதுல இல்ல ஹாஜியார்."

"அப்ப கடைசில, 'ஏனைய விடயங்கள்'ல எடுப்பம். ஒழுங்கு முக்கியம்."

ஒழுங்கு காக்கப்பட்டது. கடற்பசு தன் குட்டியை அணைத்துப் பாலூட்டும் அழகைத் தலைவர் வர்ணித்தபோது மண்டபமே கண்கலங்கியது. என் போன் மட்டும் நாகரிகமில்லாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

"கை மரத்துட்டு தம்பி. சொன்னாரா?"

"பொன்னாடை போத்துறாங்க நானா."

"யாருக்கு, ஆவுளியாவுக்கா?"

தேநீர் இடைவேளையைக் குழு உறுப்பினர் ஃபர்ஸானா டீச்சர் பிரேரித்தார். அது மட்டும் ஏகமனதாக நிறைவேறியது. பெட்டிஸ் சூடாக இருந்தது.

ஒருவழியாக 'ஏனைய விடயங்கள்' வந்தது. போனை ஒலிவாங்கியருகே பிடித்தேன்.

"இனி வேணாம் தம்பி," என்றார் ஆகிப் நானா. "மௌத்தாப் போச்சு."

தலைவர் துள்ளியெழுந்தார். எத்தகைய வேகம்! எல்லோரும் எழுந்து இரண்டு நிமிட மௌன அஞ்சலி செலுத்தினோம். உட்கார்வதற்குள் போன் மறுபடி கத்தியது.

"ஹாஜியார்! ரெய்டுக்கு வந்தவங்க என்னப் புடிச்சிட்டாங்க. வலை என்டதாம். யார்ட வலை என்டு இப்பவாச்சும் ஒரு சொல் சொல்லுங்க!"

நாங்கள் சாதாரண மனிதர்கள். இரண்டே நிமிடத்தில் அஞ்சலியை முடித்துக்கொண்டோம். தலைவர் மட்டும் மௌனத்தைக் கலைக்கவில்லை. ஆகிப் நானா மறியலில் கம்பி எண்ணும் இந்நாள்வரை அவர் எழுந்து நின்று அஞ்சலி செலுத்திக்கொண்டே இருக்கிறார்.