மோடத்துல விளக்கு எரியுதா சார்?

இன்டர்நெட் இணைப்பு இல்லை என்று லேப்டாப் சொன்னபோது அவர் அதை நம்பவில்லை. டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி தட்டினார். அது மறுபடியும் அதையே சொன்னது.

பதினொரு மணிக்கு நேர்காணல். மண்டல மேலாளர் பதவிக்கு. மேலிடத்துப் பெரியவர்கள் மூன்று பேர் திரையில் வந்து உட்காருவார்கள். இவரும் திரையில் வந்து உட்கார வேண்டும். இந்தத் தடவை கோட்டைவிட்டால் ஆபீசில் பக்கத்து அறை வழுக்கைத் தலையன் அந்த நாற்காலியில் ஏறிவிடுவான். அப்புறம் ஓய்வு பெறும்வரை அவனைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நிற்க வேண்டும்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அவர் வேலை பார்ப்பதே வீடுகளுக்கு நெட் கொடுக்கும் கம்பெனியில்தான். அதிலும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்குத் தலைவர். நெட் வரவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று படிப்படியாக எழுதிக் கொடுத்தவரே அவர்தான். எந்த வியாதிக்கும் அவருடைய முதல் மருந்து, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." அதனால் ஆபீசில் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஆஃப்-ஆன் என்று பெயர். முகத்துக்கு முன்னால் பெரிய சார்.

"என்னாச்சு?" என்றாள் மனைவி. அவள் கணக்கு டீச்சர். சாப்பாட்டு மேஜையில் பரீட்சைத் தாள்களைப் பரப்பிக்கொண்டு சிவப்பு மையால் பலபேருடைய எதிர்காலத்தைச் சுழித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. சின்னக் கோளாறு. இப்ப சரியாயிடும்."

"என் போன்ல நெட் இருக்கே, அதுலேர்ந்து எடுத்துக்கங்களேன்."

"உன் போன் எந்தக் கம்பெனி?"

"உங்க எதிரிக் கம்பெனிதான். அதுலதான் நெட் ஒழுங்கா வருது."

"எதிரி நெட்ல போய் நம்ம கம்பெனிக்கு மேலாளர் ஆகறதா? உள்ளே நுழைஞ்சதும் யாரோட நெட்டுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும். அதோட என் மானம் போயிடும்."

"மானம் வீட்டுலயே இருக்கட்டும். நீங்க மட்டும் நேர்காணலுக்குப் போயிட்டு வாங்க."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய சொந்த போனில் பேச மட்டும்தான் முடியும். வீட்டில் நம் கம்பெனி நெட் இருக்க, போனுக்குத் தனியாக எதற்குத் தண்டச் செலவு என்பது அவர் கொள்கை. நேர்காணலோ ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும்தான் திறக்கும். கம்பெனி ரகசியம் அப்படிப்பட்டது.

லேப்டாப்பை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார். எப்போதடா கை வைப்பார் என்று காத்திருந்ததுபோல, "புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்க வேண்டாம்" என்று ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டுவிட்டு அது உட்கார்ந்துவிட்டது.

சுற்றி முடிக்கட்டும் என்று மோடத்திடம் போனார். ஒற்றைச் சிவப்பு விளக்கு எரிந்தது. அதையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார். சிவப்பு அப்படியே இருந்தது. மனைவியின் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவிக்கொண்டு போய், மோடத்தின் முதுகில் இருந்த குட்டி ஓட்டையில் ஒரு குத்துக் குத்தினார். அது உயிர் போய் உயிர் வந்தது. வரும்போது வைஃபையின் பெயர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மறந்துவிட்டு வந்தது. முதலில் வைஃபை இருந்தது, நெட் இல்லை. இப்போது வைஃபையும் இல்லை.

"சேவை மையத்துக்கு போன் பண்ணுங்களேன்."

"நானா? சேவைத் தலைவரே சேவை மையத்துக்கு போன் பண்ணினா ஊரே சிரிக்கும்!"

"கனெக்‌ஷன் என் பேர்லதானே இருக்கு? நீங்கன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

முதல்முறையாக மனைவி உருப்படியாக ஒன்று சொன்னதாக அவருக்குத் தோன்றியது. போன் பண்ணினார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்றது ஒரு குரல். அவர் குரல்தான். செலவு மிச்சம் பண்ண அவரே பேசிப் பதிவு செய்தது. தன் குரல் இத்தனை கழுத்தறுப்பு என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அது தீருவதற்குள் லேப்டாப்பே புதுப்பித்து முடித்துவிட்டது.

"வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

அவர் தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டார். "நெட் வரலைம்மா. கனெக்‌ஷன் வீட்டுக்காரி பேர்ல."

அந்தப் பக்கம் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

"மோடத்துல விளக்கு எரியுதா சார்?"

"எரியுது. சிவப்பா."

"எரியுதுல்ல சார்? அப்போ எங்க பக்கம் எல்லாம் நல்லா இருக்கு. கோளாறு உங்க லேப்டாப்லதான்."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அந்தப் பதிலும் அவர் எழுதியதுதான். விற்பனைப் பிரிவிலிருந்து ஏறி வந்தவர் அவர்; மோடம் எதற்கு நிறம் மாறுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தப்பு எப்போதும் வாடிக்கையாளர் பக்கம்தான் என்று வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே அதை நம்பத் தொடங்கியிருந்தார்.

"லேப்டாப்பை ஆஃப் பண்ணி..."

"பண்ணிட்டேன்!"

"இன்னொரு தடவை பண்ணுங்க சார். நான் லைன்லயே இருக்கேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு பண்ணினார். வட்டம் சுற்றியது. கடிகாரமும் சுற்றியது.

"அம்மா, எனக்கு அவசரம். நேரா டெக்னீஷியன்கிட்ட குடு."

"எல்லாப் படியையும் முடிச்சாத்தான் சார் குடுக்கலாம். அது விதி."

"எந்தப் புண்ணியவான் போட்ட விதி?"

"எங்க பெரிய சார்."

"அந்த ஆளுக்கு மூளை இருக்கா?"

"நிறைய இருக்கு சார்" என்றாள் அவள், கொஞ்சமும் தயங்காமல். "ரொம்பக் கெட்டிக்காரர். தங்கமான மனுஷன்."

அந்த அமளியிலும் அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. நல்ல பெண், பதவி வந்ததும் இவளை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"அடுத்த படி சார். லேப்டாப்ல இருக்கிற வைஃபை மென்பொருளை அழிச்சிடுங்க."

அழித்தார்.

"இப்போ அதைப் புதுசாப் போடுங்க."

"எங்கேயிருந்து போடறது?"

"நெட்லேர்ந்து இறக்கிக்கணும் சார்."

"நெட் இல்லைன்னுதானேம்மா போனே பண்ணினேன்!"

"புரியுது சார். உங்கள் சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்."

மேஜைப் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. மனைவி தாளால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். மணி பதினொன்றை நெருங்கிவிட்டது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மானத்தை மடித்து வைத்துவிட்டு, "உன் போனைக் குடு" என்றார்.

அவள் கொடுத்தாள். எதிரிக் கம்பெனி நெட் ஜம்மென்று வந்தது. ஆனால் அதை வாங்கிக்கொள்ள லேப்டாப்பில் வைஃபையே இல்லை. இப்போதுதானே அழித்தார்.

"கடைசியா ஒரு படி இருக்கு சார்" என்றது போன். "லேப்டாப்பை வாங்கினப்ப இருந்த நிலைக்குக் கொண்டு போயிடலாம். எல்லாம் புதுசா வரும்."

நிதானத்தில் இருக்கிற மனுஷன் அந்தப் பொத்தானைத் தொடமாட்டான். அவர் அழுத்தினார். அவருடைய கோப்புகள், நேர்காணல் மென்பொருள், மேலிடத்துக்குக் காட்டுவதற்காக ராப்பகலாகத் தயாரித்த படங்கள், எல்லாம் துடைத்துக்கொண்டு போயின. லேப்டாப் அவரை முன்பின் பார்த்திராததுபோல வரவேற்று, உங்கள் மொழி எது என்று பணிவாகக் கேட்டது.

"சொல்லுங்க, பாவம் கேக்குதுல்ல" என்றாள் மனைவி.

மணி பதினொன்று தாண்டிவிட்டது. இந்நேரம் மூன்று பெரியவர்களும் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு வழுக்கைத் தலையனைக் கூப்பிட்டிருப்பார்கள். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வர, கட்டைக் குரலெல்லாம் காற்றில் போய்விட்டது.

"நான் யார் தெரியுமா? நான்தான் உன் பெரிய சார்!"

"தெரியும் சார். ஹலோ சொன்னப்பவே தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா என்னை இந்தப் பாடு படுத்தினே?"

"நீங்கதான் மாசாமாசம் குரலை மாத்திக்கிட்டு போன் பண்ணி எங்களைச் சோதிப்பீங்களே சார். இதுவும் அதுதான்னு நெனச்சேன். இங்கே எல்லாரும் வேலையை விட்டுட்டு என்னைச் சுத்தி நிக்கிறாங்க. ஒரு படிகூட விடாமச் சொல்லிட்டேன்ல சார்? நான் பாஸா?"

"சோதனை இல்லம்மா! நிஜமாவே நெட் இல்லை! என் பதவியே போச்சு!"

அந்தப் பக்கம் கிசுகிசுவென்று பேச்சு. யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அப்போ உண்மையைச் சொல்லிடறேன் சார். காலையிலேயே உங்க ஏரியா முழுக்க நம்ம கேபிள் அறுந்துபோச்சு. ஆனா அதை வாடிக்கையாளர்கிட்ட சொன்னதுக்குத்தானே போன மாசம் என் பக்கத்து சீட்டுப் பொண்ணை நீங்க வேலையை விட்டுத் தூக்கினீங்க?"