களஞ்சியமாக அங்கீகரிக்கப்பட்ட எங்கள் வீடு

கனடாவின் மொன்ட்ரியால்-நோர் பகுதியில், மூன்றுமாடிக் கட்டடங்கள் இரண்டுக்கு நடுவில், மாடும் வயலும் இல்லாத நவீன பண்ணை வீடொன்று அவசியம் என்று என் அப்பா நகுலேஸ்வரன் தீர்மானித்தார். வெள்ளைப் பலகைச் சுவர், கறுப்பு ஜன்னல், தானியக் களஞ்சியத்துக்குப் போடுவது போன்ற தள்ளுகதவு. அந்தக் கதவு குளியலறைக்கும் போடப்பட்டது. அதற்குப் பூட்டு இல்லாததால், உள்ளே இருப்பவர் சத்தமாகப் பாடிக்கொண்டிருக்கவேண்டும் என்பது வீட்டுச் சட்டமாயிற்று.

மேலே வெள்ளைக் கல் பதித்த திறந்த சமையலறை. அதில் மஞ்சள் பட்டால் கறை போகாதாம். ஆகவே சமைப்பதற்கென்று நிலத்துக்குக் கீழே பேஸ்மென்டில் இன்னொன்று.

வெள்ளிக்கிழமை புதுவீட்டுக்குக் குடிபூரல். ஐயருக்கும் சொல்லியாகிவிட்டது. புதன்கிழமை நகரசபைப் பரிசோதகர் கத்தரின் வந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் குடிபுக முடியாது.

"அடுப்பு இரண்டு. ஆகவே குடும்பம் இரண்டு. இங்கே ஒரு குடும்பத்துக்கே அனுமதி."

"நாங்கள் ஒரே குடும்பம், மேடம்," என்றேன்.

"அடுப்புகள் அப்படிச் சொல்லவில்லையே."

அம்மா என் காதருகே வந்தார். "பிள்ளை, ஒண்டைக் கழட்டுறம் எண்டு சொல்லு."

"எதை?" அப்பா பதறினார். "மேலை உள்ளதைக் கழட்டினால் வாறவைக்கு என்னத்தைக் காட்டுறது?"

"கீழை உள்ளதைக் கழட்டினால் வாறவைக்கு என்னத்தைத் தின்னக் குடுக்கிறது?"

பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிற எனக்கு வாய் சும்மா இருக்குமா? "மேடம், சமைத்தால்தானே சமையலறை! மேலே இருப்பதை முகர்ந்து பாருங்கள்!"

கத்தரின் உண்மையிலேயே முகர்ந்தார். ஒன்றுமில்லை. கீழே போனார். அம்மா முதல்நாள் அங்கே குடிபூரல் சமையலுக்கு மிளகாய் வறுத்திருந்தார். கத்தரின் ஆறு தும்மலோடு ஏறிவந்து எழுதினார்:

"மேற்படி வாதம் முழுமையாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. சமையல் நடைபெறும் நிலக்கீழ்த் தளமே வதிவிடம். மேல்தளம் பொருள் வைக்கும் களஞ்சியம். அதில் மனிதர் உறங்கத் தடை."

வெள்ளிக்கிழமை பேஸ்மென்டிலேயே பால் பொங்கியது. உறவினர் மேலே போய்ப் படம் எடுத்தார்கள், கீழே வந்து சாப்பிட்டார்கள். அப்பா கத்தரினின் கடிதத்தைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருந்தார்.

"மற்றவை வீட்டைக் களஞ்சியம் மாதிரித்தான் கட்டினவை. எங்கடையை அரசாங்கமே களஞ்சியம் எண்டு ஒத்துக்கொண்டது, பாத்தியளோ!"

சிவநேசம் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, எங்கடை வீட்டிலையும் அடுப்பு ரண்டு. வந்து ஒருக்கா வாதாடுவியே?"

இப்போது துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் படுத்திருந்தபடி வழக்குகள் எடுக்கிறேன். இதுவரை நாலு வீடு. நாலாவது, நாங்கள் கீழேதான் உறங்குகிறோமா என்று பார்க்க வந்து, மூன்று வடை சாப்பிட்டுப்போன கத்தரினுடையது. அவருடையதும் வெள்ளைச் சமையலறைதானாம். கல் பழுதாகிவிடும் என்று இன்றுவரை அடுப்பே மூட்டவில்லையாம்.

அவருடைய தீர்ப்பின்படி அவருக்கு வீடே இல்லை. வாதாடிப் பார்க்கிறேன்.