கழுத்துச் சாமியின் பச்சை நாக்கு

1998-ஆம் வருடம் ஒக்கலிபுரத்தில், வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, ரேஷன் கடை வரிசையைவிட நீளமான ஒரு வரிசை நிற்கும். நின்றவர்கள் எல்லோருக்கும் கழுத்தில் தழும்பு. தைராய்டு சுரப்பியை ஆபரேஷன் செய்து எடுத்தவர்கள். எடுத்த சுரப்பியைக் கழுத்துச் சாமி மறுபடி முளைக்க வைப்பாராம். டாக்டர்களுக்கு இந்த வித்தை தெரியாது. பாவம், படித்தவர்கள்.

சாமி தன் கழுத்தையே சாட்சிக்குக் காட்டுவார். அங்கேயும் தழும்பு. "ஏழு வருசமா மாத்திரைய தொட்டதில்ல. பச்சையம்மன் முளைக்க வச்சா." பக்தர்கள் தங்கள் மாத்திரைகளை உண்டியலில் போட்டுவிட்டுக் கறுப்புக் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். கயிறு நூற்றியொரு ரூபாய். அம்மனுக்குச் சில்லறை திருப்பிக் கொடுக்கும் பழக்கம் கிடையாது.

எல்லம்மாவுக்குப் பொம்மசந்திரா பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. சுரப்பியை எடுத்த டாக்டர், "ஆயுசு முழுக்க தினம் ஒரு மாத்திரைம்மா" என்று சொல்லியிருந்தார். அந்த 'ஆயுசு முழுக்க'தான் அவளைச் சாமியிடம் தள்ளியது. கயிறு கட்டிய முதல் மூன்று வாரம் நன்றாகவே இருந்தாள். உடம்பில் மிச்சமிருந்த மருந்து உழைத்தது. பேரைக் கயிறு வாங்கிக்கொண்டது.

எட்டாவது வாரம் முகம் வீங்கியது. குரல் கட்டைக்குரலானது. மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டாள். வேலையில் கண் அசந்தாள்; பெல்ட்டில் வந்த பிஸ்கட் பாக்கெட்டுகள் அவளைத் தாண்டிப் போய்த் தரையில் விழுந்தன.

"ஏனம்மா, இல்லி நித்தே மாட்தியா? இன்னொரு தடவ தூங்குனா வேலைக்கு வராத" என்று கன்னடம் கலந்து அதட்டினார் சூப்பர்வைசர் கிருஷ்ணப்பா.

அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. பயந்துபோய்ச் சாமியிடம் ஓடினாள். ஓட முடியவில்லை, நடந்தாள்.

"முளை விடுற நேரம். அசதியாதான் இருக்கும்" என்று சாமி இரண்டாவது கயிறு கட்டினார்.

கம்பெனியில் கிரீம் கலக்கும் சாந்தகுமாரிக்கு இது பொறுக்கவில்லை. "அக்கா, அந்த ஆளு மட்டும் எப்படி சுறுசுறுப்பா இருக்கான்? நீ மாத்திர பாட்டில் புதுசா ஒண்ணு வாங்கிட்டு வா."

பாட்டிலுக்குள் சாந்தகுமாரி பிஸ்தா கிரீமுக்குப் போடும் பச்சைக் கலர்ப் பொடியைத் துளி தூவிக் குலுக்கினாள். காய்ந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. எச்சில் பட்டால் தெரியும். எல்லம்மா பாட்டிலின் மேல் தன் பெயரை எழுதி, வியாழன் சாயங்காலம் உண்டியலில் போட்டாள்.

வெள்ளி காலை சாமி மந்திரம் சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு, பல், உதடு எல்லாம் பச்சை.

"சாமி, நாக்கு ஏன் பச்சையா இருக்கு?" என்றாள் சாந்தகுமாரி.

சாமி விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். ஒரு கணம்தான் விழித்தார். "பச்சையம்மன் நாவுல வந்து உக்காந்துட்டா."

வரிசை மொத்தமும் காலில் விழுந்தது. ஒருவர் கற்பூரம் தேடினார்.

சாந்தகுமாரி விரலை நனைத்து, மடித்துக் கொண்டுவந்திருந்த கலர்ப் பொடியில் தொட்டு நக்கினாள். நாக்கை நீட்டினாள். "எனக்கும் அம்மன் வந்துட்டா. எங்க கம்பெனில மூட்ட மூட்டயா இருக்கா. அக்கா, அவர் இடுப்புப் பையப் பாரு."

எல்லம்மா மெதுவாகப் போய்ப் பைக்குள் கையை விட்டாள். பாட்டில் வந்தது, அவள் கையெழுத்தோடு.

சாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "குடுத்துரும்மா. அது இல்லாட்டி நான் படுத்துருவேன்."

ஏழு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை.

"அப்ப நானு?" என்றாள் எல்லம்மா அந்தக் கட்டைக்குரலில். இரண்டு கயிற்றையும் அறுத்துப் போட்டுவிட்டு, அங்கேயே ஒரு மாத்திரையை விழுங்கினாள். அவள் நாக்கும் பச்சையானது. யாரும் காலில் விழவில்லை.

கூட்டம் உண்டியலை உடைத்து அவரவர் மாத்திரையைத் தேட ஆரம்பித்தது. நல்லது. டாக்டர் எடுத்தது கழுத்தில் இருந்ததை மட்டும்தான். தலைக்குள் இருந்ததை அவர் தொடவே இல்லை. அதை நீங்களாகத்தான் உண்டியலில் போட்டீர்கள். அதையும் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.