பூதம் அண்ணனின் திமிங்கிலம்

பறக்கும் குதிரைகளுக்கும் பேசும் மரங்களுக்கும் நியாயம் கேட்டு லீவு எடுத்தவர், சிங்கப்பூரிலேயே பூதம் அண்ணன் ஒருவர்தான். அவருடைய உண்மைப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும் தெரியும்.

மின்தூக்கிகளைப் பராமரிக்கும் நிறுவனத்தில் நான் பொறியாளர், அவர் டெக்னீஷியன். வெளிநாட்டுப் பெரிய திரைப்பட விருது விழா நமக்குத் திங்கட்கிழமை காலையில்தான் ஒளிபரப்பாகும். அன்று அவர் வரமாட்டார். விடுப்புப் படிவத்தில் காரணம்: 'டிராகனுக்கு ஆதரவு'. பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்காருவார். டிராகன் படம் தோற்றால் செவ்வாய்க்கிழமை நிஜமாகவே காய்ச்சல் வந்துவிடும்.

"அண்ணே, இது காய்ச்சல் எம்சியா, டிராகன் எம்சியா?" என்று புதன்கிழமை அவருடைய மருத்துவச் சான்றிதழை வாங்கிக்கொண்டே வரவேற்பு மேசையிலிருந்து மேரி அக்கா கேட்பார்.

"சிரிக்காத மேரி. அழுதா சிறந்த படம், பறந்தா சிறந்த மேக்கப். என்னா நியாயம்லா இது?"

"அழுகைதான் நெசம் அண்ணே. எங்க சர்ச்சுல யாரு பறக்குறா?"

"உங்க சர்ச்சு சுவத்துல பூரா றெக்கையோடதான நிக்கிறாங்க!"

மேரி அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

லிட்டில் இந்தியாவில் மதியச் சாப்பாட்டுக்குப் போனால், வாழை இலையிலேயே கதை நடக்கும். சோறு மலை, சாம்பார் ஆறு, அப்பளம் பறக்கும் தட்டு. ரசம் வந்ததும் "இதான்மா கடல்" என்பார். அந்தக் கடலில் என்னென்னவோ நீந்தும். மோர் வரும்போதுதான் நான் கரையேறுவேன்.

அப்புறம் எங்கள் வட்டாரச் சமூக மன்றம் குறும்படப் போட்டி அறிவித்தது. நான் அங்கே தொண்டூழியர். நடுவர்களுக்கான மதிப்பெண் தாளைத் தயாரித்ததும் நானே. ஐந்து வரிகள், வரிக்கு இருபது மதிப்பெண். மூன்றாவது வரி, 'வாழ்க்கைக்கு நெருக்கம்'. தாள் நடுவர்களுக்குப் போய்விட்ட பிறகுதான் பூதம் அண்ணன் பெயர் கொடுத்தார்.

தாளைப் படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நெருக்கம்னா எத்தனை மீட்டர்மா?"

நான் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன்.

"ஒரே ஒரு தடவை, மேக்கப்புக்கு இல்லாம படத்துக்கு வாங்கணும்மா" என்றார்.

படம் ஏழு நிமிடம். ஆங் மோ கியோ வட்டாரத்தில் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு புளோக். மார்க்கெட் தள்ளுவண்டியோடு ஒரு பெண் மின்தூக்கியில் ஏறுகிறாள். சமாதானமாகிவிட்டிருந்த மேரி அக்காதான் கதாநாயகி. மின்தூக்கி பதின்மூன்றாவது மாடிக்குப் போய் நிற்கிறது. கதவு திறந்தால் நடைபாதை முழுக்க மேகம். துணி காயும் மூங்கில்களுக்கு நடுவே ஒரு திமிங்கிலம் மெல்ல நீந்தி வருகிறது. அவள் அதன் மேல் கையை வைக்கிறாள். அவ்வளவுதான் கதை. திமிங்கிலத்தைப் பழைய குடைத்துணிகளில் அவரே தைத்திருந்தார்.

திரையிட்ட ஞாயிற்றுக்கிழமை மதியம், அது நீந்தி வந்தபோது யாருடைய கைப்பேசியோ அடித்தது. ஒருவரும் திரும்பவில்லை. எடுக்க வேண்டியவரும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த அரங்கத்துக்குத் தரையே இல்லாததுபோல் இருந்தது.

மூன்றாவது வரியில் இரண்டு நடுவர்கள் பூஜ்யம் போட்டார்கள். மூன்றாமவர் இரக்கப்பட்டு இரண்டு போட்டார். இன்னொரு படத்தில் தேர்வில் தோற்ற மகனும் அழுத அம்மாவும் சிறந்த பட விருதைத் தட்டிக்கொண்டு போனார்கள். பூதம் அண்ணனுக்குச் சிறந்த ஒப்பனை விருது.

"மேரி, ஒன் பவுடருக்குக் குடுத்துட்டாங்கலா" என்று சொல்லிவிட்டு மேடையேறினார். ஒலிவாங்கியைப் பிடித்து, "திமிங்கிலம் சார்பா நன்றி" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

திரும்பும்போது பஸ்ஸின் மேல்தளத்தில் உட்கார்ந்தோம். மழைமரங்களின் உச்சி ஜன்னலை உரசிக்கொண்டு போனது. அவர் சான்றிதழைச் சுருட்டி மடியில் வைத்திருந்தார்.

"அண்ணே, அந்த மூணாவது வரி நான் எழுதினது. அதுலதான் போச்சு."

"தெரியும்மா. ஒன் எழுத்து மாதிரியே நேரா இருந்துச்சு" என்றவர், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "அதை விடு. திமிங்கிலம் வர்றப்ப கயிறு தெரிஞ்சுதா?"

நான் வேலையில் ஓர் அளவைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.

"தெரியவே இல்லண்ணே" என்றேன்.

மூன்று கயிறுகள். எண்ணியிருந்தேன்.