மழையில் மட்டும் வரும் தவளை

“அந்தத் தவளையை நான் நேர்ல பாக்கணும்” என்று டாக்டர் சாந்தகுமாரி போனில் சொன்னதும், ராம்பிரசாத்தின் கையிலிருந்த டீ சட்டையில் இறங்கியது.

இல்லாத தவளையை எப்படிக் காட்டுவது?

போடிமெட்டுச் சரிவில் சிறு ஏலத்தோட்டக்காரர்களுக்குக் காய் உலர்த்தும் ஸ்டோர் கட்டித் தருகிற வெளிநாட்டு நிதித் திட்டம் அது. போடியில் அதன் ஒருங்கிணைப்பாளர் ராம்பிரசாத். ‘வளர்ச்சியோடு பல்லுயிர்ப் பாதுகாப்பும் சேர வேண்டும்’ என்று மேலிடம் சொன்னதால், அறிக்கையில் ஓர் அத்தியாயம் சேர்த்தார். அத்தியாயம் மொட்டையாகத் தெரிந்ததால் ஒரு தவளையையும் சேர்த்தார். ‘ஏலமலைப் பச்சைத் தவளை எங்கள் ஸ்டோர்களால் பெருகி வருகிறது.’

தவளை கடல் கடந்தது. நிதி தரும் நிறுவனத்தின் பல்லுயிர் ஆலோசகரான சாந்தகுமாரி அதைப் பற்றி ஊர் ஊராகக் கருத்தரங்குகளில் பேசிக் கைதட்டல் வாங்கினார். இப்போது அவரே நேரில் வருகிறார். தவளை இல்லை என்று அவர் எழுதினால் திட்டம் போச்சு. ராம்பிரசாத்தின் வேலையும் போச்சு.

“மேடம், அது மழையில மட்டுந்தான் வெளிய வரும்.” வெயில் கொளுத்திக்கொண்டிருந்த தைரியம்.

“அப்ப மழை வர்ற வரைக்கும் போடியிலயே தங்கிக்கிறேன்.”

அப்போதே ராம்பிரசாத்துக்குச் சந்தேகம் தட்டியது. வந்து இறங்கிய அம்மாள் கணக்கு கேட்கவில்லை, காகிதம் கேட்கவில்லை. “தவளை நல்லா இருக்கா?” என்று மட்டும் தினமும் விசாரித்தார், சம்பந்தி வீட்டாரைக் கேட்பதுபோல. இது வேவு பார்க்கிற வேலையேதான்.

மலையில் மேகம் கூடிய அன்று, ராம்பிரசாத் ஜீப் டிரைவர் முத்துக்கிருஷ்ணனைத் தனியே அழைத்தார். மாத்திரையோ மீனோ, மலைக்கு எது வேண்டுமென்றாலும் அவரிடம்தான் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் காதில் போடமாட்டார்.

“தவளைதான சார்? தேவாரம் ஊர் வயக்காட்டுல கொத்துக் கொத்தாக் கிடக்கு. கொண்டாந்துர்றேன்.”

கொண்டுவந்தார். மண் நிறத்தில் இருந்தது.

“யோவ், பச்சைன்னு எழுதியிருக்குய்யா!”

“நெறம் செத்த ஏலக்காய்க்குக் களவாப் போடுற சாயம் இருக்கு சார். வியாபாரிங்க கண்ணுலயே தப்பிக்கிது. அந்தம்மா என்ன, ஏல யாவாரியா?”

தவளை பச்சையானது. பார்த்ததும் ராம்பிரசாத்துக்கே அதைப் பாதுகாக்க வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் மூவரும் மலையேறும்போது மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்ததும்தான் ராம்பிரசாத்துக்கு அது உறைத்தது. மழையில் சாயம் நிற்குமா?

சரிவில் தோட்டக்காரர் மாசானம் பால் இல்லாத கட்டஞ்சாயா கொடுத்தார். “என் ஸ்டோருக்கு இன்னும் கூரை வரலை. தவளைக்குன்னா மட்டும் மழையோட மழையா வர்றாக!”

“வண்டிக்குத் தண்ணி பிடிச்சுட்டு வர்றேன்” என்று முத்துக்கிருஷ்ணன் வாளியோடு ஓடைப் பக்கம் நழுவினார்.

சாந்தகுமாரி உடனே எழுந்தார்.

“மேடம், மழை விடட்டுமே.”

“விட்டா அது வராதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

வழி கேட்காமல் நேராக ஓடைக்கு நடந்தார். திரும்பி வந்துகொண்டிருந்த முத்துக்கிருஷ்ணன் ஒதுங்கி வழிவிட்டார். அந்த அம்மாள் ஒரு கல்லோரம் குனிந்தார்.

“இதோ!”

உள்ளங்கையில் தவளை. விரலிடுக்கில் பச்சை ஒழுகிக்கொண்டிருந்தது.

ராம்பிரசாத் கண்களை மூடிக்கொண்டார். திறந்தபோது தவளை இல்லை. அந்தக் கை மழைக்கோட்டுப் பைக்குள் இருந்தது.

“அற்புதம். பாத்தாச்சு, போகலாம்.”

“போட்டோ…” வாய் தவறிவிட்டது.

“வேண்டாம்! அது ரொம்பக் கூச்ச சுபாவம்.”

கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் ஆடியபோதும் அந்தக் கை வெளியே வரவில்லை. ஆதாரத்தைப் பத்திரமாகக் கொண்டுபோகிறார்!

“ராம்பிரசாத், நீங்க கிட்டத்துல பாத்தீங்களா?”

“இல்ல மேடம். கண்ணுல மழைத்தண்ணி.”

“நல்லது.”

அந்த ‘நல்லது’ அவருக்கு வேலைநீக்க உத்தரவாகக் கேட்டது.

போடி லாட்ஜ் வாசலில் இறங்கிய சாந்தகுமாரி, இடது கையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். ராம்பிரசாத் சீட்டில் சரிந்தார்.

“போச்சுய்யா, முத்துக்கிருஷ்ணா. நம்ம தவளை சாயம் போனதை அந்தம்மா பாத்துட்டாங்க.”

முத்துக்கிருஷ்ணன் சீட்டுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே சாயம் கலையாத பச்சைத் தவளை ஒன்று முழித்துக்கொண்டிருந்தது.

“நம்மளுதை எங்க சார் விட்டேன்? அந்தம்மா தனியாச் சொல்லிவிட்ட பச்சைத் தவளையை விட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள வெரசா வந்துட்டீங்களே!”