நல்லிணக்கம் எழும்பிய விதம்

மத நல்லிணக்கம் என்ற மாபெரும் தத்துவம் அந்தத் தெருவில் அவதரித்தது, 'நல்லிணக்க மேம்பாட்டுக் குழு' காரில் வந்து இறங்கிய அன்றுதான். அதற்கு முன்பு அங்கே ஒரு கோயிலும் ஒரு பள்ளிவாசலும் ஒரே முற்றத்தில் சும்மா இருந்தன, அவ்வளவுதான். கோயில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். ஆகவே தினமும் காலையில், பள்ளிவாசலைப் பார்த்துக்கொள்ளும் பாய் தம் குழாயில் ரப்பர் டியூபை மாட்டி, முற்றத்தின் குறுக்கே இழுத்து வந்து கோயில் அண்டாவில் போடுவார். முழங்கால் தேய்ந்துபோன பூசாரி அந்தத் தண்ணீரில்தான் சாமியைக் குளிப்பாட்டுவார். இதற்கு இவ்வளவு பெரிய பெயர் உண்டென்பது, பாவம், இருவருக்குமே தெரியாது.

குழுத் தலைவர் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"ஒத்துமை எங்கய்யா இருக்கு?"

"இதோ, இந்த டியூப்தாங்க" என்றார் பூசாரி.

"டியூபைப் போயி போட்டோ எடுத்தா விருது குடுக்கிறவன் சிரிப்பான்யா! ரெண்டு கை குலுக்கிக்கிற மாதிரி பெரிய படமா வரையணும். சுவர் எங்க?"

"நடுவுல சுவரே கிடையாதுங்களே."

"என்னது! இத்தனை வருஷமா சுவரே இல்லாம எப்படிய்யா ஒத்துமையா இருந்தீங்க?"

பூசாரிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

குழு 'போர்க்கால அடிப்படையில்' இயங்கியது. இரண்டுக்கும் நடுவே, எக்கிப் பார்த்தாலும் தலை தெரியாத உயரத்துக்கு நல்லிணக்கம் எழும்பியது. டியூப் நுழைய ஓர் ஓட்டை விடச் சொல்லிப் பூசாரி கெஞ்சினார்.

"வெளங்கிடும்! ஒத்துமையில ஓட்டைன்னு நாளைக்கே பேப்பர்ல போட்டுடுவான்!"

"அப்ப சாமிக்குத் தண்ணி?"

"அவரு அனுசரிச்சுப் போகட்டும்யா. நாட்டுக்காக இதுகூடச் செய்ய மாட்டாரா?"

படத்தைத் திறந்துவைத்தார்கள். தலைவருக்கு விருது, மாலை, கைதட்டல். எல்லோரும் போன பிறகு பூசாரி காய்ந்துகிடந்த அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுகையே வந்துவிட்டது. சுவருக்கு அப்பாலிருந்து பாயின் குரல் கேட்டது.

"சாமீ! குளிப்பாட்டியாச்சா?"

"எங்க பாய்! சொட்டுத் தண்ணி இல்ல."

"குடத்தை எடுத்துக்கிட்டு தெரு வழியா சுத்தி வாங்க. நான் வாசல்லயே நிக்கிறேன்."

காலைத் தேய்த்துத் தேய்த்துப் போனார் பூசாரி. தெருமுனையில் ஒரு காவலர் கையை நீட்டித் தடுத்தார். சுவருக்கு ஆபத்து வராமல் காக்கப் புதிதாக நியமிக்கப்பட்டவர். நாலடி தள்ளிப் பாய், டியூபும் கையுமாக நின்றிருந்தார்.

"நில்லுங்க. நீங்க எந்தப் பக்கத்து ஆளு?"

பூசாரி திருதிருவென்று விழித்தார். அந்தத் தெருவில் இதுவரை ஒருத்தர்கூட அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.

"ரெண்டு பக்கமும்தாங்க."

"அதெல்லாம் முன்னாடி பெரியவரே. இப்ப ரெண்டுல ஒண்ணுதான் சொல்லணும். அதான் ஒத்துமை வந்துடுச்சே!"